வரலாறுக்கு எதுக்கு ரியூசன்?

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஓ/எல் எடுக்கப்போகும் பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் ஏற்பாடு ஒன்றுதான். கணக்குக்கு ஒரு சேர், விஞ்ஞானத்துக்கு ஒரு சேர், இங்கிலீசுக்கு ஒரு டீச்சர். கையில் கொஞ்சம் காசு புழங்கும் வீடென்றால் சேர் வீட்டுக்கே வந்து, பிள்ளையை முன்னால் இருத்தித் தனியாகப் படிப்பிப்பார். வெளிநாட்டில் இருக்கும் வாப்பா அனுப்புகிற பணத்தில் முதலில் ஒதுக்கப்படுவது இதற்குத்தான். வரலாற்றுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுப் பாருங்கள். "வரலாறுக்கு எதுக்கு ரியூசன்? அது பாடமாக்கிற பாடம்தானே. கடைசி ரெண்டு மாசத்தில நோட்ஸப் பாத்தாச் சரி" என்பார்கள். உம்மா சொல்வார், வாப்பா சொல்வார், பாடசாலையில் சில ஆசிரியர்களே சொல்வார்கள். குடியியலோ புவியியலோ எடுத்த பிள்ளைக்கும் இதே பதில்தான்.

இந்தக் கருத்து முழுக்கப் பிழை. பிள்ளையோடு ஒருவர் தனியாக உட்கார்ந்து படிப்பிப்பதால் மிகக் கூடுதலான பயன் கிடைக்கும் பாடங்களில் வரலாறும் குடியியலும் புவியியலும் முன்வரிசையில் நிற்கின்றன. என் உத்தியோக காலம் முழுக்க இந்தப் பாடங்களைப் படிப்பித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இவற்றை மனனப் பாடம் என்று ஒதுக்கி வைத்து, தங்கள் ஊரில் நடப்பதையே விளங்கிக்கொள்ள முடியாத பிள்ளைகளை நாம் வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

எதிர்க் கருத்தைக் குறைத்துச் சொல்லாமல் அப்படியே எடுத்துக்கொள்வோம். கணக்கில் ஓரிடம் விளங்காவிட்டால் அடுத்த இடத்துக்குப் போக முடியாது, அதனால் பக்கத்தில் ஆள் வேண்டும். வரலாற்றில் ஓர் அலகு விளங்காவிட்டாலும் அடுத்த அலகைப் படிக்கலாம். பாடப் புத்தகத்தை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, தமிழில்தான் இருக்கிறது, வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது போதும். மிச்சத்தைக் கடந்தகால வினாத்தாள்கள் பார்த்துக்கொள்ளும். வீட்டில் இருக்கும் பணமோ அளவானது. அதை டாக்டர், இஞ்சினியர் ஆக்கும் பாடங்களில் போடுவதுதான் புத்தி. வாதம் இவ்வளவுதான்.

முதலில் மனனம். வரலாறு வெறும் மனனப் பாடம் என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மனனத்துக்கு ஆள் தேவையில்லை என்று எந்த மண்ணில் நின்று சொல்கிறோம்? குர்ஆனை மனனமாக்கும் ஹிப்ழ் மத்ரஸாக்கள் ஊருக்கு ஊர் இருக்கிற கரையில் நின்று சொல்கிறோம். அங்கே ஒவ்வொரு பிள்ளையும் உஸ்தாதின் முன்னால் தனியே வந்து உட்கார்ந்து அன்றைய சபக்கை ஓதிக் காட்ட வேண்டும். எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்பதுதான் முறை. நேற்று ஓதியதையும் போன வாரம் ஓதியதையும் திருப்பிக் கேட்பார்கள். எந்த எழுத்தில் நாக்கு பிசகுகிறது, எந்த ஆயத்தை அதே போல ஒலிக்கும் இன்னோர் ஆயத்தோடு குழப்புகிறது என்பது பிள்ளைக்குப் பிள்ளை வேறு. கூட்டமாக ஓத வைத்தால் அது காதில் விழாது. ஹிப்ழுக்குப் போகாத பிள்ளையும் சின்ன வயதில் லெவ்வையிடம் தனியாகத்தான் ஓதிக் காட்டியது. மனனத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆளுக்காள் உட்கார்ந்து கற்றுக்கொடுத்து வந்த சமூகம், பாடமாக்கிற பாடத்துக்கு ஆள் எதற்கு என்று கேட்பது தன் சொந்த அனுபவத்துக்கே மாறான கேள்வி.

வரலாறு மனனப் பாடமும் அல்ல. சாதாரண தர வினாத்தாளே அதற்குச் சாட்சி. முதல் பகுதியில் 40 பல்தேர்வு வினாக்கள். இரண்டாம் பகுதியில் இலங்கைப் படத்திலும் உலகப் படத்திலும் இடங்களைக் குறிக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், விளைவைப் பிரித்து எழுத வேண்டும். நோட்ஸை மட்டும் பாடமாக்கிய பிள்ளை இந்த இரண்டாம் பகுதியில்தான் வழுக்கி விழுகிறது. எங்கே, எப்படி விழுகிறது என்பதைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும்.

பத்தாம் தரத்துப் பையன் ஒருவன் திருகோணமலையை மட்டக்களப்புக்குக் கீழே குறித்திருந்தான். அவனுடைய வகுப்புக் கொப்பியில் அதே இடம் முன்னர் சரியாகவே இருந்தது. பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துக் குறித்தது. பிழை என்று வெட்டிவிட்டுச் சரியான இடத்தைக் காட்டியிருந்தால் அடுத்த வாரம் மறந்திருப்பான். நான் படத்தை மூடிவிட்டுக் கேட்டேன்.

"கடல் எந்தப் பக்கம் மகன்?"

"அந்தா, கிழக்கால."

"மட்டக்களப்புக்கு பஸ்ஸில போகக்குள்ள கடல் எந்தக் கைப்பக்கம்?"

"சோத்துக் கைப்பக்கம்."

"அப்ப பஸ் எந்தத் திசைக்குப் போகுது?"

யோசித்தான். "வடக்குக்கு."

"திருகோணமலைக்குப் போயிருக்கியா?"

"மூத்தம்மாவோட போன."

"மட்டக்களப்பு முந்தியா வந்த, பிந்தியா?"

"முந்தி."

படத்தைத் திறந்து கொடுத்தேன். அவனே அழித்தான், அவனே குறித்தான். அதற்குப் பிறகு கரையோரத்து நகரம் எதைக் கேட்டாலும், கடல் எந்தக் கைப்பக்கம் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பென்சிலை வைத்தான். வேண்டிய அறிவு அவனிடம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது பஸ் யன்னல் ஓரத்தில் கிடந்தது, படம் மேசையில் கிடந்தது. இரண்டையும் சேர்த்துவைக்க ஒருவர் தேவைப்பட்டார். 40 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் 40 நிமிடப் பாடவேளையைப் பகிர்ந்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம். எவ்வளவு கெட்டிக்கார ஆசிரியரானாலும் அந்த ஒரு நிமிடத்துக்குள் மூத்தம்மாவோடு போன பயணத்தைத் தேடிப் பிடிக்க முடியாது.

இன்னோர் இடத்தையும் காட்டுகிறேன். அரசியலமைப்புச் சீர்திருத்தங்கள் என்ற பகுதியை நம் பிள்ளைகள் நன்றாகவே பாடமாக்குவார்கள். 1833 கோல்புறூக், 1910 குறூ மக்கலம், 1920 மனிங், 1931 டொனமூர், 1947 சோல்பரி. ஒரு மூச்சில் வந்துவிடும். பதினோராம் தரத்துப் பிள்ளை ஒன்று இப்படி ஒப்பித்து முடித்ததும், 1833-ஆம் ஆண்டுச் சட்டநிரூபண சபையில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். உத்தியோகத்தர் 9 பேர், உத்தியோகப்பற்றற்றவர் 6 பேர் என்றது. அந்த ஆறு பேர்? ஐரோப்பியர் 3, சிங்களவர் 1, தமிழர் 1, பறங்கியர் 1. எல்லாம் சரி. "இதில நம்மட ஆள் யாரு மகள்?" என்றேன். விரல் விட்டு மீண்டும் எண்ணியது. "ஒருத்தரும் இல்லையே சேர்."

அந்த ஒரு மணி நேரத்தின் மிச்சம் முழுவதும் அந்தப் பதிலிலிருந்து வந்தது. முஸ்லிம்களுக்கு நியமன உறுப்பினராக எம்.சி. அப்துல் ரகுமான் 1889-இல் வந்தார். அதற்கு முந்திய வருடம் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டு ஆய்வுரை வாசித்தார். அதற்கு மறுப்பாக ஐ.எல்.எம். அப்துல் அசீஸ் 1907-இல் ஒரு நூலே எழுதினார். ஒரு நாற்காலிக்குப் பின்னால் இவ்வளவு பெரிய விவாதம் இருந்தது. 1931-இல் டொனமூர் அரசியலமைப்பு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை எடுத்துவிட்டு, 21 வயதான ஆண், பெண் எல்லாருக்கும் வாக்குரிமை தந்தது. "பொம்பளைகளுக்குமா சேர்?" என்று கேட்டது பிள்ளை. தன் மூத்தம்மாவின் உம்மா அப்போது என்ன வயதில் இருந்திருப்பார் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கியது. அந்தத் தேர்தலில் நம் பகுதி உள்ளடங்கிய மட்டக்களப்புத் தெற்குத் தொகுதியிலிருந்து தெரிவானவர் மாக்கான் மாக்கார், அமைச்சராகவும் ஆனார். தொகுதிவாரித் தேர்தல் சிறுபான்மைக்கு நல்லதா, கெட்டதா என்ற கேள்வி அப்போது அந்தப் பிள்ளையின் சொந்தக் கேள்வியாகிவிட்டது. இரண்டு பக்கத்துக்கும் நியாயம் எழுதியது. பரீட்சையில் புள்ளி வாங்கித் தருவது அந்த எழுத்துத்தான்.

இதை மனனம் என்று யார் சொல்ல முடியும்? ஒவ்வொரு வருடமும் அந்த ஐந்து ஆண்டுகளையும் ஒப்பிக்கும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளில் எத்தனை பேரிடம் யாராவது இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருப்பார்கள்?

வரலாற்றில் ஓர் அலகு விளங்காவிட்டாலும் அடுத்ததைப் படிக்கலாம் என்ற வாதமும் நிற்காது. படிக்கலாம், ஆனால் எதுவும் எதோடும் ஒட்டாது. நம் மாவட்டத்திலேயே இதற்கு வலுவான உதாரணம் இருக்கிறது. படத்தில் குறிக்கும் இடங்களின் பட்டியலில் தீகவாபியைப் பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். துட்டகைமுனுவின் தம்பி சத்தாதிஸ்ஸனோடு சேர்த்துச் சொல்லப்படும் இடம். அது அனுராதபுரத்துப் பக்கம் எங்கோ இருப்பதாக நினைக்கும் பிள்ளைகளை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். அது இந்த அம்பாறை மாவட்டத்தில், நம் வயல்களுக்கு அப்பால் இருக்கிறது.

அதே பிள்ளைகளுக்கு நுரைச்சோலை வீடுகளைப் பற்றியும் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேல். வீடிழந்த அக்கரைப்பற்றுக் குடும்பங்களுக்காக சவூதி அரேபியாவின் நிதியில் நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவை ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. ஏன் என்று பிள்ளையிடம் கேட்டால், அரசியல் என்று ஒரு சொல்லில் முடித்துவிடும். அந்தக் காணி தீகவாபியின் புனிதப் பகுதியோடு சேர்ந்தது என்ற வாதத்தோடு அடிப்படை உரிமை மனு போனது, 2009-இல் உயர் நீதிமன்றம் அந்தப் பகிர்வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது என்பது அதற்குத் தெரியாது. வரலாற்றுப் புத்தகத்தில் பாடமாக்கிய தீகவாபியும் வீதியோரத்தில் பூட்டிக் கிடந்த வீடுகளும் ஒரே வழக்கின் இரண்டு முனைகள் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. பழைய ஒரு விகாரைக்கு எல்லை எப்படித் தீர்மானிக்கப்படுகிறது, அரச காணியை யார் பகிரலாம், இன விகிதாசாரம் என்ற வாதம் எங்கிருந்து வருகிறது, இடம்பெயர்ந்த குடும்பத்தின் உரிமை என்ன என்று வரலாறும் குடியியலும் புவியியலும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. இதைப் பொறுமையாக, பிள்ளை கோபப்பட்டால் கோபத்தையும் கேட்டு, தீர்ப்பின் நியாயத்தையும் அதற்கு எதிரான நியாயத்தையும் வைத்துப் பேச வேண்டும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் எந்த ஆசிரியரும் இதைத் தொடத் துணிவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

குடியியலில் நிலைமை இன்னும் மோசம். கல்முனையில் வளரும் பிள்ளை உள்ளூராட்சி பற்றிக் கேட்டுக் கேட்டே வளர்கிறது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் உண்ணாவிரதம் நடந்தது. சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்து, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. ஹர்த்தாலும் கோஷமும் பிள்ளைக்குத் தெரியும். மாநகர சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் வாய் திறக்காது. ஒன்று வாக்களித்துத் தெரிவு செய்யும் சபை, குப்பையும் வடிகானும் சந்தையும் அதன் பொறுப்பு. மற்றது மத்திய அரசின் நிருவாக அலுவலகம், காணி அனுமதிப் பத்திரமும் அரச கொடுப்பனவும் அங்கே. இந்த ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொண்ட பிள்ளை நாளை மேடையில் பேசுபவரிடம் சரியான கேள்வியைக் கேட்கும். விளங்காத பிள்ளை கூட்டத்தோடு கத்தும்.

ஆளுக்காள் படிப்பிப்பதன் பலனை உலகம் அளந்தும் பார்த்திருக்கிறது. 1984-இல் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் ஒரு கட்டுரை எழுதினார். தனியாகக் கற்பிக்கப்பட்ட சராசரி மாணவர், வழமையான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதத்தினரைவிட மேலே நின்றார் என்பது அதன் சாரம். நம் ஊரில் இந்தப் பேச்சு வந்தால் உடனே கணக்கு என்றுதான் நினைப்போம். அவர் ஆதாரம் காட்டிய, அவருடைய மாணவர்கள் செய்த ஆய்வுகளில் பிள்ளைகளுக்குக் கற்பித்தவை இரண்டு: ஒன்று நிகழ்தகவு, மற்றது படவரைகலை. திருகோணமலையைப் பிழையாகக் குறித்த பையனின் பாடம் அது. புளூம் சொன்ன அளவு மிகை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. 2011-இல் குர்ட் வான்லேன் செய்த தொகுப்பு அதைப் பாதிக்கும் கீழே இறக்கியது. 2020-இல் 96 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு தொகுப்பு அதையும் குறைத்தது. அவை பெரும்பாலும் வாசிப்பையும் கணக்கையும் பற்றியவை. எவ்வளவு குறைத்தாலும் பலன் உண்டு என்ற முடிவு மாறவில்லை. வாசிப்புக்குக் கிடைக்கும் பலன் வரலாற்றுக்குக் கிடைக்காமல் போக என்ன நியாயம்? வரலாற்றுப் புத்தகத்தின் நீண்ட வாக்கியங்களைப் பிரித்து விளங்கிக்கொள்வதே பாதி வேலை. புத்தகம் தமிழில் இருப்பதாலேயே பிள்ளைக்கு விளங்குகிறது என்று நினைப்பவர்கள், பிள்ளையை ஒரு பந்தியை உரத்து வாசிக்கச் சொல்லி, புத்தகத்தை மூடி, அதன் கருத்தைச் சொந்தச் சொல்லில் கேட்டுப் பார்க்கட்டும்.

டியூட்டரி வகுப்பும் கடைசி நேரக் கருத்தரங்கும் போதும் என்பார்கள். மைக் பிடித்து, மண்டபம் நிறைந்த பிள்ளைகளுக்கு, இந்த முறை கட்டாயம் வரும் என்று வினாக்களை அடுக்குகிறார்கள். நல்ல நினைவாற்றல் உள்ள பிள்ளைக்கு அதனால் பத்துப் புள்ளி கூடலாம். ஆனால் அங்கே பேசுபவர் ஒருவர், எழுதுபவர்கள் மற்ற எல்லாரும். பிள்ளை வாய் திறப்பதில்லை. பிள்ளை வாய் திறக்காத இடத்தில் அதன் பிழை யாருக்கும் தெரிய வராது, அதற்கே தெரிய வராது. வீட்டுக்கு வரும் சேரும் அதே நோட்ஸைச் சொல்லி எழுத வைப்பாரானால் அதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. அப்படிப்பட்ட தனி வகுப்புக்காக நான் வாதாடவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் பிள்ளை பேச வேண்டும். பேசாவிட்டால் கொடுத்த காசு வீண்தான்.

பணத்தின் வாதத்துக்கு வருவோம். கணக்கிலும் விஞ்ஞானத்திலும் போடுவதே புத்தி என்கிறார்கள். கணக்குக்குத் தனி ஆள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரலாறும் சாதாரண தரத்தில் கட்டாயப் பாடம். கணக்கில் வரும் ஏயும் வரலாற்றில் வரும் ஏயும் பெறுபேற்றுத் தாளில் ஒரே எழுத்துத்தான். உயர்தரத்தில் நம் பிள்ளைகளில் நிறையப் பேர், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், கலைப் பிரிவுக்குப் போகிறார்கள். 1995-இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலை கலாசார பீடம் நம் வாசலில் இருக்கிறது. அரசியல் விஞ்ஞானம், புவியியல், வரலாறு என்று அங்கே போய்ப் படிக்கப்போகிற பிள்ளைக்கு, அதன் அத்திவாரத்தைக் கடைசி இரண்டு மாத நோட்ஸில் போடுகிறோம். பிறகு கிராம உத்தியோகத்தர் பரீட்சையும் நிருவாக சேவைப் பரீட்சையும் எழுதும்போது பொது அறிவு காணாது என்று கவலைப்படுகிறோம். வரலாற்றுக்கு வாரத்தில் ஐந்து நாள் தேவையில்லை. வாரம் ஒரு மணி நேரம், ஒன்பதாம் தரத்திலிருந்தே தொடர்ச்சியாகக் கிடைத்தால் போதும். கடைசி நேரத்தில் கருத்தரங்குகளுக்கு அள்ளிக் கொடுப்பதைவிட அது மலிவு.

கொவிட் காலத்தில் படித்த பிள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வரலாறு தனிப் பாடமாகத் தொடங்குவது ஆறாம் தரத்தில். 2020-இல் ஆறாம் தரத்தில் இருந்த பிள்ளைகளுக்கு மார்ச்சில் பாடசாலை மூடியது. மூடியது கொவிட்டால், பிறகு 2022-இல் எரிபொருள் தட்டுப்பாடு. வட்ஸ்அப்பில் வந்த படங்களைப் பார்த்து எழுதியே அவர்கள் அந்தத் தரங்களைக் கடந்தார்கள். கணக்கில் விட்ட இடைவெளியை ரியூசன் சேர்மார் நிரப்பினார்கள். வரலாற்றில் விட்டதை யாரும் நிரப்பவில்லை.

எதிர்வாதங்களில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது நீதியைப் பற்றியது. கன்னங்கராவின் முயற்சியால் 1945-இலிருந்து இலவசக் கல்வி வழங்கும் நாட்டில், காசு கொடுத்து ஆள் பிடிக்கும் முறையை இன்னும் ஒரு பாடத்துக்கு நீட்டுவதா? மருதமுனைத் தறிக்காரரின் பிள்ளையும் கல்முனைக்குடியில் கடலுக்குப் போகிறவரின் பிள்ளையும் எங்கே போகும்? நியாயமான கேள்வி. ஆனால் இது தனிக் கற்பித்தலுக்கு எதிரான வாதம் அல்ல. அதை விலைக்கு மட்டும் விற்பதற்கு எதிரான வாதம். படித்த வீட்டுப் பிள்ளைக்கு வரலாற்றில் தனி ஆசிரியர் ஏற்கெனவே இருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் செய்தியைப் பற்றிப் பேசும் வாப்பாவும், பத்திரிகை வாசித்துக் காட்டும் மூத்தாப்பாவும், ஏன் என்று கேட்டால் பதில் சொல்லும் சாச்சாவும் சம்பளமில்லாத ஆசிரியர்கள். அந்தப் பேச்சு இல்லாத வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பாடமாக்கினால் போதும் என்று சொல்வதுதான் பெரிய அநியாயம். அதற்குத்தான் முதலில் ஒருவர் தேவை.

அந்த ஒருவர் ஊரிலேயே இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஐந்து இளைஞர்களைப் பழக்கி எடுத்தால், அவர்கள் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளை வாரம் ஒரு மணி நேரம் பார்க்கலாம். ஜமாஅத் நிருவாகம் பள்ளிவாசலின் ஒரு மூலையையோ மத்ரஸா கட்டடத்தையோ பின்னேரத்தில் திறந்து கொடுத்தால் இடம் கிடைத்துவிடும். பொது நூலகத்தில் ஒரு மேசையும் போதும். பெண் பிள்ளைகளுக்குப் பெண்களே படிப்பிக்கட்டும். எந்தப் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கும் இடத்தில், வீட்டார் ஒருவரின் கண் படும் தூரத்தில் வகுப்பு நடக்கட்டும். இதில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது.

கடைசி அச்சம் ஒன்று உண்டு. கூட்டத்தில் சொல்லத் தயங்குவதைத் தனியில் சொல்லலாம். வரலாறு படிப்பிக்கிறேன் என்று வருபவர் தன் வெறுப்பைப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டால்? இந்தக் கரையில் அது சும்மா அச்சம் அல்ல. 1990 ஆகஸ்ட் 3-இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் சம்மாந்துறைக்குப் பக்கத்து வீரமுனையில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் நடந்த குண்டுவெடிப்பை அப்போது சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்னும் சுமக்கிறார்கள். இவற்றைப் பற்றிய கேள்விகள் பிள்ளைகளிடம் இருக்கின்றன. வகுப்பில் கேட்பதில்லை, வீட்டில் கேட்டால் வாயை மூடு என்கிறோம். பிறகு யார் பதில் சொல்கிறார்கள்? கைத்தொலைபேசி சொல்கிறது. முகம் தெரியாத ஒருவர், இரவு பதினொரு மணிக்கு, எந்தப் பொறுப்பும் இல்லாமல் பதில் சொல்கிறார். அதுவும் ஆளுக்காள் கற்பித்தல்தான். நம் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. ஊரறிந்த, முகமறிந்த ஒருவர் அந்த இடத்தில் உட்கார வேண்டுமா, இல்லையா என்பதுதான் நம் முன்னால் உள்ள கேள்வி.

அப்படி உட்காருபவருக்கு ஒழுங்கு வேண்டும். காத்தான்குடியைச் சொல்பவர் வீரமுனையையும் சொல்ல வேண்டும். வீரமுனையை மறைப்பவருக்குப் பிள்ளையின் முன்னால் உட்காரும் தகுதி இல்லை. போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் கிழக்கில் குடியமர்த்தியதைப் பெருமையோடு சொல்பவர், அவர்கள் வந்து சேர்ந்த மண்ணில் முன்னரே இருந்தவர்களோடு எப்படிக் கலந்து வாழ்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தாய்வழிக் குடி முறையும், பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுக்கும் வழக்கமும் இங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொது. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவில் இருக்கும் காரைதீவில்தான் 1892-இல் விபுலானந்தர் பிறந்தார் என்பது நம் பிள்ளைக்கும் உரிய வரலாறு. எந்தச் சம்பவத்துக்கும் இரண்டு பேர் சொன்னதை வைத்து, இதை யார் சொன்னார், எப்போது சொன்னார், ஏன் சொன்னார் என்று பிள்ளையைக் கேட்க வைக்க வேண்டும். அந்தப் பழக்கம் வந்த பிள்ளையிடம் வெறுப்பை விற்பது கடினம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் பிள்ளையின் வரலாற்றுப் புத்தகத்தை எடுத்து, அது நன்றாகப் பாடமாக்கிய ஒரு பக்கத்தைத் திறவுங்கள். என்ன நடந்தது என்று கேட்காதீர்கள், அதை ஒப்பித்துவிடும். ஏன் நடந்தது, அதனால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை, நம் ஊருக்கு அதனால் என்ன வந்தது என்று கேளுங்கள். பதில் வந்தால் நல்லது. உங்கள் பிள்ளையோடு யாரோ பேசியிருக்கிறார்கள். வராவிட்டால் பிள்ளையை ஏசாதீர்கள். கணக்குக்கு சேர் தேடிய அதே அக்கறையோடு வரலாற்றுக்கும் ஓர் ஆளைத் தேடுங்கள். கிடைக்கும் வரை அந்த நாற்காலியில் நீங்களே உட்காருங்கள்.